சோப்பு வாசம் அடித்த கம்பி

எங்கள் சிமெண்ட் ஆலையில் அண்ணாச்சி நிலக்கரியைக் கடித்துப் பார்ப்பார். லாரி வந்து நின்றதும் ஒரு துண்டைப் பொறுக்கி மோந்து, ஓரத்தைப் பல்லில் நறுக்கித் துப்பிவிட்டு, மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வழியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறான் என்பதுதான் எல்லா லாரிக்கும் அவருடைய தீர்ப்பு. உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்பேன். முறைப்பார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சூளைக்குள் எரியும் தீயைப் பார்த்துக் காற்றையும் கரித்தூளையும் கூட்டிக் குறைப்பது அவர் வேலை. தீயை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்கென்று சட்டைப் பையில் ஒரு நீலக் கண்ணாடித் துண்டு வைத்திருந்தார். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார். மூக்கைச் சிந்தும்போதுகூட ஒரு கை அந்தப் பையின் மேல் இருக்கும்.

ஆலை, அவிநாசிபாளையம் தாண்டி தாராபுரம் ரோட்டில் இருந்தது. ஊரெல்லாம் சிமெண்டுக்கு அலைந்த எண்பதுகளில், திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்த எங்கள் முதலாளி சோளக்காட்டை அழித்துச் சின்னதாக ஒரு சூளை போட்டார். நான் ஒன்பதாவதோடு நின்றவன். அவருடைய பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஒருநாள் மேனேஜர் முதுகில், பழுதான பனியனுக்கு ஒட்டும் ‘செகண்ட்ஸ்’ ஸ்டிக்கரை ஒட்டிவிட்டேன். மனுசன் அதோடு காதர்பேட்டை பனியன் கடைவீதி முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். மறுநாளே முதலாளி என்னைச் சிமெண்டுக்கு அனுப்பிவிட்டார். மெஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்குச் சூளை என்ன பிரமாதம் என்பது அவர் கணக்கு.

சூளை என்றால் செங்கல் சூளை மாதிரி இல்லை. உள்ளே தீச்செங்கல் பதித்த பெரிய இரும்பு உருளை. லேசாகச் சாய்ந்து படுத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றும். மேல் பக்கம் சுண்ணாம்புக்கல் பொடி உள்ளே போகும். கீழ்ப் பக்கத்திலிருந்து பர்னர் குழாய் கரித்தூளையும் காற்றையும் சேர்த்து ஊதும். தீ நீளமாக, உருளைக்கு நடுவில், எதையும் தொடாமல் எரிய வேண்டும். செங்கல்லைத் தொட்டால் செங்கல் போச்சு. உருண்டு வரும் சரக்கைத் தொட்டால் கரி முழுக்க எரியாமல் சரக்குக்குள் விழுந்து, வெந்து வருகிற கிளிங்கர் கட்டி கெட்டுப்போகும்.

அதனால் சூளை ஆறிக் கிடக்கும்போது பர்னரை நேர் பார்ப்போம். உள்ளே தள்ளிப் போய்க் குறுக்கே ஒரு மரச்சட்டம் வைத்து, நட்ட நடுவில் ஆணி அடிப்போம். குழாயின் நடுவிலிருந்து அந்த ஆணி வரைக்கும் மெல்லிய ஸ்டீல் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டி, குழாயை அந்தக் கம்பியின் போக்குக்கு நிறுத்துவோம். அந்தக் கம்பி என் பொறுப்பு.

நல்ல கம்பி. சும்மா கிடக்கிறதே என்று குடியிருப்பில் என் ரூமுக்கும் அண்ணாச்சி ரூமுக்கும் நடுவே துணிக்கொடியாகக் கட்டிவிட்டேன். ஒருதடவை சூளையில் செங்கல் மாற்றி முடித்து பர்னரை நேர் பார்க்க வேண்டிய நாள் வந்தது. அண்ணாச்சி பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர ஊருக்குப் போயிருந்தார். கொடியில் என் துணி அத்தனையும் ஈரமாகத் தொங்கியது. அவிழ்க்கச் சோம்பல். டூல் பெட்டியில் பனியன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு கோன் நூல் இருந்தது. திருப்பூர்க்காரனுக்கு நூலுக்கா பஞ்சம் என்று நாலு இழையாகச் சேர்த்துக் கட்டிவிட்டேன். பனியன் நூல் முறுக்கு குறைந்த நூல். விறைப்பாக இழுத்தால் அறுந்துவிடும். ரெண்டு தடவை அறுந்தது. மூன்றாவது தடவை பதமாக விட்டுக் கட்டி, குழாயை அதன் போக்குக்கே நிறுத்தினேன். அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து இறங்கியதும் நேர் பார்த்தாயிற்றா என்று கேட்டார். அச்சு அசல் நேராக இருக்கிறது என்றேன்.

சூளையைப் பற்றவைத்த மூன்றாம் நாளே கிளிங்கரை உடைத்தால் உள்ளே பழுப்பு. கருஞ்சாம்பலாக இருக்க வேண்டியது, பழைய வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. அப்புறம் ஆரம்பித்தது திருவிழா. அண்ணாச்சி லாரிக்காரனைச் சந்தேகப்பட்டார். கெமிஸ்ட், அண்ணாச்சி காற்றைக் குறைக்கிறார் என்றார். நான் கெமிஸ்டைச் சந்தேகப்பட்டேன். சோதனைக்கு வைத்த கரி காய்வதற்கு முன்பே அதன் ஈரக் கணக்கை எழுதிவிடுகிற ஆள் அவர். முதலாளிக்கு இன்னும் பெரிய சந்தேகம். அண்ணாச்சி முன்னால் வேலை பார்த்த பெரிய ஆலைக்காரர்கள்தான் நம் சூளையைக் கெடுக்க இவரை அனுப்பியிருக்கிறார்களோ என்று. ஒருநாள் வந்து, நீலக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தீயைப் பார்க்காமல் கண்ணாடியையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நானும் விடவில்லை. உளவாளி டீ சாப்பிடுவாரா என்று அண்ணாச்சியிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பத்தே நாளில் சூளையின் இரும்புத் தோலில் ஒரு இடம் சிவந்தது. உள்ளே செங்கல் தேய்ந்துவிட்டது. சூளையை நிறுத்தினார்கள். முதலாளி எல்லோர் முன்னாலும் அண்ணாச்சியிடம் மரியாதை குறையாமல் சொன்னார்.

“இன்னொருக்கா செங்கல் கட்டித் தாரனுங்க. அப்பவும் பழுப்பு வந்துதுன்னா நீங்க ஊரப் பாத்துப் போயிருங்க. நானு ஒண்ணுங் கேக்க மாட்டன்.”

குடும்பத்தைக் கூட்டிவந்து ஒரு மாசம் ஆகவில்லை. பிள்ளையை அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

சூளை ஆறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தேன். கம்பிக்கொடி முழுவதையும் அண்ணாச்சி சம்சாரம் பிடித்துக்கொண்டதால், என் பனியன்களுக்கு அதே கோன் நூலில் பக்கத்தில் இன்னொரு கொடி கட்டியிருந்தேன். கம்பியில் ரெண்டு ஈரச்சேலை. அது அசையாமல் நேராக இருந்தது. நூலில் ரெண்டே பனியன். அது நடுவில் தொங்கித் தரையைத் தொட்டது. சரி, பனியன் கனம் என்று பனியனை எடுத்துவிட்டுப் பார்த்தேன். வெறும் நூலும் தொங்கியது. நூல் கட்டிய இடத்திலேயே கீழே பார்த்துத்தான் இறங்கியது. அதன் போக்குக்குத்தான் நான் பர்னரை நிறுத்தியிருந்தேன். தீ நடுவில் எரியாமல் கீழே சரக்கின் மேலும் செங்கல்லின் மேலும்தான் விழுந்திருக்கும். பீடி அணைந்தது தெரியவில்லை.

சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைப் போகச் சொல்வார்கள். அதனால் கள்ளத்தனமாகச் சரிசெய்ய முடிவு பண்ணினேன். புதுச் செங்கல் கட்டி முடித்து பர்னரை நேர் பார்க்கும் நாளில், அண்ணாச்சி வீட்டு அக்கா குழாயடிக்குப் போன நேரம் சேலைகளைத் திண்டில் போட்டுவிட்டுக் கம்பியை அவிழ்த்துக்கொண்டு ஓடினேன். சூளை வாசலில் முதலாளி நின்றார். அண்ணாச்சி கம்பியை வாங்கி விரலால் உருவினார். வழக்கம்போல மோந்தார்.

சோப்பு வாசம்.

இன்னொரு தடவை மோந்துவிட்டு என்னைப் பார்த்தார். போன தடவை இந்தக் கம்பி எங்கே இருந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் குடும்பத்தோடு வந்து இறங்கிய நாளிலிருந்து பிள்ளையின் சட்டையே அதில்தான் காய்ந்தது. என்ன அப்படி மோந்து பார்க்கிறீர்கள் என்று முதலாளி கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறந்தால் அவர் வேலை தப்பும், என் வேலை போகும். அவர் கம்பியை என் கையில் கொடுத்தார்.

“நீ சொல்லுதியாலே, நான் சொல்லவா?”

சொன்னேன். முதலாளி நம்பவில்லை. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊடு, சோடி போட்டுக்கொண்டு கதை கட்டுகிறீர்கள் என்றார். அந்தாளைக் காப்பாற்ற நான் பழியை ஏற்றுக்கொள்கிறேனாம். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை பேசினேன். அதற்கு இந்த மரியாதை.

வேறு வழியில்லாமல் கோனை எடுத்து வந்தேன். அதே ஆணியிலிருந்து கம்பியையும் கட்டினோம், நூலையும் கட்டினோம். முதலாளி வேட்டியை மடித்துக்கொண்டு உள்ளே வந்து டார்ச் அடித்தார். பர்னர் குழாயின் நடுவில் ரெண்டும் ஒன்றாகப் புறப்பட்டன. கொஞ்ச தூரத்திலேயே நூல் பிரிந்து கீழே இறங்கியது. நடுவில் ஒரு சாண் வித்தியாசம். இன்னும் அசைக்காத குழாயின் மூக்கு, நூல் காட்டிய பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி நூலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடியும் தொங்கியது.

“என்ற கம்பெனி நூலுதானா கண்ணு இது?” என்றார் என்னிடம்.

“ஆமாங்க. நயம் நூலுங்க” என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

அன்றைக்கே என்னைச் சூளைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி மூட்டை பிடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். கம்பியைக் கட்டி அண்ணாச்சி தானே நேர் பார்த்தார். சூளை பற்றிய நாலாம் நாள், ஒரு கிளிங்கர் கட்டியை உடைத்து ரெண்டு பாதியையும் என் ரூம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே கருஞ்சாம்பல், ஒரு பொட்டுப் பழுப்பு இல்லை. கம்பியைச் சுருட்டித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் ரெண்டு வீட்டுத் துணியும் என் நூல் கொடியில்தான் காய்ந்தது. அக்காவின் சேலை ஓரமெல்லாம் செம்மண். காரணத்தைப் புருசன் அவளுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. நல்ல கம்பியை நான்தான் எங்கேயோ எடைக்குப் போட்டுவிட்டேன் என்று கடைசிவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி மட்டும், நான் எதிரே வந்தால் போதும், சட்டைப் பையைத் தொட்டு நீலக் கண்ணாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். நானும் ஒவ்வொரு தடவையும் அதை எட்டிப் பார்ப்பது போல நடிப்பேன்.