கீழே இருந்து அடிக்கும் வெயில்

என் அக்காவுக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு புண் வந்தது. கடல் உள்ளே புகுந்து மரக்காணம் உப்பளத்தைச் சேறாக்கிவிட்டுப் போனதற்கு அடுத்த கோடை அது. நானும் அவளும் ஒரே பாத்தியில் உப்பு வாரினோம். புண் ஆறவே இல்லை. வெயில்தான் காரணம் என்று நினைத்து, தலைத்துண்டை நெற்றி மறைய இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். உப்பளத்தில் எல்லோரும் செய்கிற மடத்தனம். குனிந்து நிற்கிறவளுக்கு வெயில் மேலே இருந்து மட்டுமா வருகிறது? உப்பிலும் தண்ணீரிலும் பட்டு, கீழே இருந்தும் முகத்தில் அடிக்கிறது. இதைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று நூல் மாதிரி ஒன்று இருக்கிறதாம். வெயில் அதை அறுக்குமாம். உடம்பே அதைத் தைத்துக்கொள்ளுமாம். கிழிசல் அதிகமாகி வயதும் ஏறினால் தையல் பின்தங்கிவிடும். அப்படித் தைக்காமல் விட்டதுதான் முகத்தில் விழும் சுருக்கம். சில பேருக்குப் புற்றுநோய். அக்காவின் புண் அதுதான்.

"உங்களுக்கு அறுபது இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

"நாப்பத்தி நாலு," என்றாள் அக்கா. "என் தையக்காரன் சோம்பேறி போலருக்குது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை.

புண்ணை வெட்டி எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டு, முகத்தையும் துணியால் மூடிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். அப்படியே வந்தவளை முதல் நாளே உப்பள மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்டான்: "ஏம்மா, ஷூட்டிங்கா? கேமரா எங்க வைக்கணும்?"

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகினாள். பிறகு போடவே இல்லை. திட்டினேன், கெஞ்சினேன். வேர்வையில் வழுக்குகிறது என்று பொய் சொன்னாள்.

அடுத்த வருஷம் அதே இடத்தில் மறுபடி வந்தது. இந்த முறை கண்ணையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள்.

மேஸ்திரி சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பார்க்க வந்தான். வெளியே போ என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா மிச்சமிருந்த கண்ணால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ் ஒதட்டுல என்னாப்பா புண்ணு?"

"பீடி சுட்டுட்டுதும்மா."

"எத்தினி மாசமா?"

அவன் கையால் வாயை மூடிக்கொண்டான்.

"போய்க் காட்டு. இவ கூட்டிக்கினு போவா," என்றாள். என்னைத்தான் சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் காலையில் முதல் பஸ்ஸுக்கு வந்து நிற்கச் சொல்லி அவனை அனுப்பினேன்.