அடுத்த பிள்ளைக்கான ஊசி

என் மனைவியின் ரத்தம் நெகட்டிவ், என்னுடையது பாசிட்டிவ். கல்யாணத்துக்கு நட்சத்திரம் முதல் நாக்கில் மச்சம் வரை பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. எழுபதுகளின் பிற்பகுதியில் தலைப்பிள்ளை பிறந்து, அதற்கும் என் ரத்தவகையே வாய்த்த பிறகுதான் காரைக்குடி லேடி டாக்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தில் கொஞ்சம் கலந்திருக்குமாம். தாயின் உடம்பு அதை அந்நியமாக எண்ணி எதிர்ப்பொருளை உண்டாக்கிக்கொள்ளுமாம். இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அடுத்ததை அது வயிற்றிலேயே அழித்துவிடலாம். அப்படி ஆகாமலிருக்க, வேறு மனிதர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த அதே எதிர்ப்பொருளை மூன்று நாளுக்குள் ஊசியாகப் போட வேண்டும். தாயின் உடம்பு விழித்துக்கொள்ளுமுன் அது கலந்த ரத்தத்தைத் துடைத்துவிடும். இப்போதெல்லாம் இம்மாதிரி எதிர்ப்பொருளை ஒரே செல்லின் வாரிசுகளை வளர்த்துச் சோதனைச்சாலையிலேயே எடுக்கிறார்களாம். அன்று நான் மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். அப்படி ஒரு ஊசி உண்டா என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். மறுநாள்தான் கிடைத்தது. சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும் என்றார்கள். பிளாஸ்கில் ஐஸ் போட்டு, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

மூன்றாம் நாள் காலை. ஆஸ்பத்திரி அறை வாசலில் மாமனார் நின்றார். நாட்டரசன்கோட்டையில் நிலபுலனோடு வாழ்ந்தவர். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் பெண் வீட்டுப் பொறுப்பு. மாப்பிள்ளை ஒரு பிடி சீரகம் வாங்கி வந்தாலும் அவருக்குக் குறைச்சல். தன் மைத்துனரை மெட்ராஸுக்கே அனுப்பியிருக்கிறாராம். மத்தியான ரயிலில் ஊசி வந்துவிடுமாம்.

“நீங்க கொண்டாந்ததைப் போட்டா, மகளுக்கு ஒரு ஊசி வாங்க வக்கத்தவன்னு ஊரு சிரிக்கும் மாப்பிள்ளை. செத்தப் பொறுங்க.”

ரயில் தாமதமானால் என்றேன். ஐஸ் கரைகிறது என்றேன். எல்லாவற்றுக்கும் காபி குடிக்கச் சொன்னார். டாக்டர் வெளியே ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார். நர்ஸம்மாவோ, பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று நகர்ந்துவிட்டார். வாயாலேயே பிழைக்கிறவன் என்று என்னை ஊரில் சொல்வார்கள். அன்று அந்த வாய் ஒன்றுக்கும் உதவவில்லை. மாமனாரிடம் குரலை உயர்த்தவா முடியும்? பிளாஸ்கை அணைத்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“அய்யா, அந்த ஊசி இந்தப் பிள்ளைக்கு இல்ல, அடுத்த பிள்ளைக்கு. ரெண்டாம் பிரசவம் அவுக வீட்டுப் பாடுதானே? அதுல நீங்க எதுக்குக் கை வைக்கிறீக?”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். “அதுவும் நியாயந்தான்,” என்று வழிவிட்டார். இரண்டு நாளாக டாக்டர் சொன்ன நியாயம் ஏறாத மண்டையில் சீர்முறை நியாயம் மட்டும் ஒரு நொடியில் ஏறிவிட்டது. எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? டாக்டர் திரும்பியதும் ஊசி போட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் மெட்ராஸ் போனவர் பிளாஸ்கோடு ஓடி வந்தார். ஊசி பத்திரமாக இருக்கிறதா என்று வழியெல்லாம் திறந்து திறந்து பார்த்தாராம். மாமனார் அதை வாங்கி நர்ஸம்மாவிடம் நீட்டினார்.

“எங்களதையும் போட்டுருங்கம்மா. ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்.”

நர்ஸம்மா திறந்து விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது.