மகளுக்கு நான் ஊட்டிய பயம்

குனோங் ராபாட்டில், என் கணவரின் அண்ணன் வீடு எங்கள் வீட்டை ஒட்டியே இருக்கிறது. நான் வேலை முடிந்து வந்தாலும், என் மூன்று வயது மகள் பெரியம்மா மடியை விட்டு இறங்க மாட்டாள். எனக்கு வயிறு எரியும்.

அவர்கள் வளர்த்த நாய் பரம சாது. அது மகளை நெருங்கும்போதெல்லாம், “ஐயோ, கடிச்சிரும்!” என்று வேண்டுமென்றே அலறி அவளைத் தூக்கிக்கொள்வேன். சில வாரங்களில் அதைக் கண்டாலே வீறிட்டாள். அந்த வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். என் மனம் குளிர்ந்தது.

ஒருநாள் மகளின் பெரியம்மாவே சிவந்த கண்களோடு வந்தார். “நாயைத் தைப்பிங்ல இருக்கிற என் தம்பிகிட்ட விட்டுட்டேன்லா. பாப்பா இனி பயப்படாம வரட்டும்.”

நான் அவருக்குத் தேநீர் கலக்க உள்ளே போனேன்.

இப்போது அந்த வீட்டு வாசலில் தொங்கும் நாயின் வெறும் சங்கிலி காற்றில் ஆடினாலும், மகள் நடுங்கிக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்கிறாள். என்னிடம் ஓடி வர வேண்டும் என்றுதானே ஆசைப்பட்டேன்.