ஏணியைப் பிடித்த கை

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது உச்சி வெயிலில், நிழலே காலடியில் ஒடுங்கிப்போகும் நேரத்தில். கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் அர்ஜென்டினாவின் வட மூலையிலுள்ள எங்கள் ஹுஹுய்க்கு வந்து என் மச்சான் நிக்கானோரிடமே கேட்டுக்கொள்ளலாம். அந்த மனிதர் இன்றைக்கும் ஏணியைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறார்.

அவரும் நானும் ரயில்வேக்கு சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்தோம். பியேத்ரா பார்தா ஸ்டேஷன் கூரையை முடித்தாயிற்று. அதை ஒட்டிய இரும்புப் பாலத்திலும் கைப்பிடி நெடுக ஒரே வரிசையாகப் பேனல்கள் ஏறிவிட்டன. ஒன்றே ஒன்று பாக்கி. அது மறுகோடியில், பாலத்து வளைவின் உயரத்தில் இருந்தது. எங்களுக்கு முன்னால் வேலை எடுத்தவர்கள் அந்த இடத்தில்தான் பாதியில் விட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அன்று நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். எங்கள் பக்கம் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போக மாட்டார்கள். முந்தின நாள் வீட்டுக்கு வந்த ஆன்மாக்கள், அன்று மதிய மணி அடிக்கும்போது திரும்பிப் போகும். அவை மேலே ஏறிப் போக, ரொட்டி மாவில் ஒரு ஏணி செய்து சுட்டுப் படையல் மேசையில் வைப்போம். என் அப்பாவுக்குக் காலையிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஒப்பந்தக்காரருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? மறுநாள் திறப்பு விழா, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

"என்ன டெல்ஃபினா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? பயமா?" களைப்புக்கு மெல்லும் கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நிக்கானோர் சீண்டினார்.

"உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என் தோலை உரிச்சிடுவா மச்சான். அந்தப் பயம்தான்."

அக்காவுக்கு அப்போது நிறைமாதம்.

ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே பிடிக்க வேண்டும். எங்கள் வேலையில் அதுதான் சட்டம். ஆனால் ஒவ்வொரு பேனலிலும் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால், என்னால் ஸ்டேஷன் பக்கத்து மின்பெட்டியை விட்டு நகர முடியாது. அதனால் ஏணியைக் கயிற்றால் கட்டிவிட்டு அவர் ஏறினார். நடுவில் பேனல் வரிசை மறைத்ததால் என் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. பேச்செல்லாம் வாக்கி-டாக்கியில்தான்.

பதினொன்று ஐம்பது. கடைசிப் பேனலை மாட்டி இணைத்துவிட்டார். திருகுகளை இறுக்குவதுதான் மிச்சம். என் போன் திரையில் ஒவ்வொரு பேனலும் ஒரு பச்சைக் கட்டம். நிழல் விழுந்தால் அந்தக் கட்டம் கறுக்கும்.

முதல் கட்டம் கறுத்தது.

அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பறவையும் இல்லை. முதல் கட்டம் பச்சைக்குத் திரும்பியது. இரண்டாவது கறுத்தது. பிறகு மூன்றாவது... நான்காவது...

யாரோ நடந்து போகிறார்கள். வரிசையை ஒட்டி, நிதானமாக, இடம் பழகியவர்போல.

பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. இரும்புத் தளத்தில் மட்டும் சத்தம் கேட்டது. டங்... டங்... டங்...

"மச்சான், அங்க உங்ககூட யாராச்சும் இருக்காங்களா?"

"வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா உனக்கு? இங்க ஒரு கழுதைகூட இல்ல."

கடைசிக்கு முந்தின கட்டம் கறுத்தது. ஏணியின் காலடி அது. நிழல் அங்கேயே நின்றுவிட்டது.

சர்ரென்று ஏதோ சறுக்கும் சத்தம்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. "அப்பாடா... பொழைச்சேன். கயிறு அவுந்து ஏணி வழுக்கிடுச்சு டெல்ஃபினா. நீ மட்டும் ஓடி வந்து புடிக்கலைன்னா..."

நான் மின்பெட்டியை விட்டு ஓரடிகூட நகரவில்லை.

ஓடினேன். நெருங்க நெருங்க அவர் குரல் நேராகவே காதில் விழுந்தது.

"சரி சரி, இறங்கிட்டேன். இப்ப மிச்சத் திருகை இறுக்க நீ ஏறு. நான் புடிச்சுக்கறேன்."

யாரிடம் பேசுகிறார்?

போய்ச் சேர்ந்தேன். நிக்கானோர் வெயிலுக்குக் கண்ணை இறுக மூடி, தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தார். ஏணியில் யாரும் இல்லை. ஆனால் படி நெளிந்தது. க்ரீச்... அடுத்த படி. க்ரீச்...

விட்டுவிட்டு வரச் சொல்லிக் கத்தப் பார்த்தேன். அதற்குள் ஏணி லேசாக ஆடியது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. போனைப் போட்டுவிட்டு, ஏணியின் மறுகாலை நானும் பிடித்தேன்.

கனம்... ஓர் ஆளின் கனம்.

கீழே கிடந்த போனில் கடைசிக் கட்டம் கறுத்தது.

மாதா கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

கனம் போய்விட்டது.

எல்லாம் பச்சை.

நிக்கானோர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார்.

"நீ இங்கயா இருக்க...? அப்ப, மேல ஏறினது?"

அன்று சாயங்காலம் ஊருக்குள் விசாரித்தோம். அந்த வருஷம் மார்ச்சில், முன்பு வேலை எடுத்தவர்களோடு வந்த எவாரிஸ்தோ செர்ப்பா என்ற உள்ளூர்ப் பையன், அதே வளைவில் ஏணி வழுக்கி விழுந்து செத்திருக்கிறான். அப்போது கீழே பிடிக்க ஆள் இல்லை.

அவன் வீட்டுக்குப் போனோம். படையல் மேசையை இன்னும் எடுக்கவில்லை. ரொட்டியில் புறா இருந்தது, சிலுவை இருந்தது, குதிரை இருந்தது. என் கண் வேறொன்றைத் தேடியது. அவன் அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏணி வைக்கலம்மா," என்றாள். "என் புள்ளையக் கொன்னதே ஏணிதான். அதை என் கையால எப்படிச் சுடுவேன்?"