ஆள் விழும் இடம்

விரித்து வைத்த கட்டட வரைபடத்தின் மேல் என் தங்கை ஒரு பிஸ்கட்டை வைத்து, “இங்கதான் ஆள் விழும்” என்றாள். பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தின் நீள்மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கிள்ளானில் எழவிருந்த டயாலிசிஸ் நிலையத்தின் திட்டக் குழுவுக்கு நான் தலைவன். சுகாதார நிர்வாகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நோயாளிகளின் பிரதிநிதி ஒருவர் குழுவில் இருந்தாக வேண்டும் என்று வற்புறுத்தியவனும் நானே. அவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியது என் தங்கையை. போர்ட் கிள்ளான் கிடங்கொன்றில் மேற்பார்வையாளராக இருந்தவள். ஆறு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டு உயிர் வாழ்ந்தவள்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளியின் எடையைப் பார்ப்பார்கள். உடலிலிருந்து எவ்வளவு நீர் வெளியேறியது என்பதை அதுதான் சொல்லும். எங்கள் வரைபடத்தில் எடைப்பொறி பதிவு மேசையருகே, சிகிச்சை அறையிலிருந்து நீளும் நடைவழியின் மறுமுனையில் இருந்தது. உள்ளே வருகிறவர்களுக்கு வசதி. சிகிச்சை முடிந்து எழுகிறவர்களைப் பற்றி நாங்கள் எண்ணவில்லை.

“மெஷின விட்டு எந்திரிச்சா பிரஷர் இறங்கிடும், தலை சுத்தும். அப்ப இவ்வளவு தூரம் நடந்து போய் வெயிட் பாக்கணுமா? பிடிச்சுக்க ஒரு கம்பிகூட இல்ல. பாசார்ல மீன் விக்கிறவன்கூட தராச மீன்கிட்டதான் வச்சிருப்பான் லா.”

“குட் பாயிண்ட், ஆன்டி” என்றார் இளம் கட்டடக் கலைஞர்.

“பாயிண்ட வச்சி நான் என்ன தம்பி பண்றது? கம்பி வைங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். வேறொருவர் சொல்லியிருந்தால் அன்றே திருத்தச் சொல்லியிருப்பேன். தங்கைக்காகத் தலைவர் வரைபடத்தை மாற்றினார் என்று பேச்சு வந்துவிடுமோ என்று அஞ்சினேன். நிலையம் திறந்த பின் பரிசீலிக்கலாம் என எழுதச் சொன்னேன். அந்த அச்சத்துக்கு நடுநிலை என்று பெயரிட்டிருந்தேன். வீடு திரும்பும் வழியில் கார் பங்சாரைத் தாண்டியது. “அண்ணே, அங்க நானும்தான் போகணும்” என்றாள் அவள்.

நிலையம் திறந்த நான்காம் மாதம் அவள் அந்த நடைவழியில் விழுந்தாள். இரத்தம் உறையாதிருக்கச் சிகிச்சையின்போது செலுத்திய மருந்து உடலில் இருந்தது. தலைக்குள் தொடங்கிய கசிவு நிற்கவில்லை. இரண்டு நாள் இருந்தாள். விழுந்த இடத்தை எனக்கு எவரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இப்போது அங்கே கைப்பிடி இருக்கிறது. எடைப்பொறியும் சிகிச்சை அறைக்குள் வந்துவிட்டது. குழுவில் அவளுடைய இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அதற்கு ஒருவரைக் கேட்டு, சென்ற வாரம் நிலையத்துக்குப் போனேன். பண்டமாரானைச் சேர்ந்த லோரி ஓட்டுநர் ஒருவர், அவளுக்கு அடுத்த இருக்கையில் சிகிச்சை பெற்று வந்தவர், கண்மூடிச் சாய்ந்திருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன்.

“அக்கா சொன்னதையே கமிட்டில அவங்க கேக்கலையே, சார்.”

“அவங்க இல்ல. கேக்காதது நான்தான்.”

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, குழாய்கள் பொருத்திய கையை அசைக்காமல், மறு கையால் நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்க சார். எனக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. இந்தக் கட்டடத்துல வேற எங்கெங்க விழுவோம்னு சொல்றேன்.”