மஞ்சள் துணிக்குள் நூறு ரூபாய்

பெப்ரவரி நான்காம் திகதி, சுதந்திர தினத்தன்று, ஹட்டனில் ஒரு பாடசாலையில் பழைய பணத்தாள்களின் கண்காட்சி. என் சேகரிப்பையும் கேட்டிருந்தார்கள். அதற்கு முதல் நாள் காலை ஆல்பத்தைத் திறந்தேன். 1991ஆம் ஆண்டின் நூறு ரூபாய்த் தாள் இருந்த உறையில், இப்போது புழங்கும் நூறு ரூபாய் ஒன்று நாலாக மடிந்து கிடந்தது.

காணாமல் போன தாளின் பின்பக்கத்தில் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறிப்பார்கள். ஒருமுறைகூட மடிக்கப்படாத தாள். 1948இல் சுதந்திரம் வந்த கையோடு தேயிலைத் தோட்டத் தமிழரான எங்கள் ஆட்களில் பெரும்பாலோரின் குடியுரிமை போனது. பிறகு அதே ஆட்களின் உருவம் நாட்டின் பணத்தில். கண்காட்சியில் அதைத்தான் நடுவில் வைக்க நினைத்திருந்தேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து போனது அக்கா மட்டும்தான். கினிகத்தேனையில் கிடைத்த முதல் பஸ்ஸில் ஏறினேன். மடித்திருப்பாளோ, கடையில் கொடுத்திருப்பாளோ என்று வழியெல்லாம் அதே யோசனை. வட்டவளையில் இறங்கி, அக்கா குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு ஏறியபோது, அவள் கொழுந்து மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன். நூத்துக்கு நூறு வச்சிட்டுத்தானே வந்தேன்?"

"இப்ப எங்கக்கா இருக்கு?"

சாமிப் படத்தைக் காட்டினாள். ஆணியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. வீட்டுக்குக் காணி உறுதிப் பத்திரம் கிடைக்க வேண்டுமென்று மாரியம்மனுக்கு நேர்ந்து முடிந்திருக்கிறாள். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியாயிற்றாம்.

"வேற நோட்டே கெடைக்கலையா ஒனக்கு?"

"இருந்துச்சு. புது நோட்டுல ஆடுறவங்கதான் இருக்காங்க. இதுலதான் நாங்க கொழுந்து எடுக்குறோம். கேக்குறது யாருன்னு ஆத்தாவுக்குத் தெரிய வேணாமா?"

முடிச்சை நோக்கிக் கை நீட்டினேன்.

"கைய வைக்காத தம்பி. உறுதி வரட்டும், கோயில்ல வச்சு அவுப்போம். உண்டியல்ல போடுறதுக்கு முன்ன ஒரு தடவ நல்லா பாத்துக்க."

மறுநாள் நடு உறையை வெறுமையாகவே வைத்தேன். விளக்கச் சீட்டை மட்டும் எடுக்கவில்லை. தாள் எங்கே என்று கேட்டவர்களிடம், நேர்த்திக்கடனில் இருக்கிறது என்றேன்.

உறுதி வந்தால் தாள் உண்டியலுக்குப் போகும். வராவிட்டால் மஞ்சளிலும் லயத்து ஈரத்திலும் கிடந்து மக்கும். எப்படியும் எனக்கில்லை. இருந்தும், அக்காவுக்கு வேலையில்லாத நாட்களில் அவளுடன் காணி அலுவலகத்துக்குப் போகிறேன். அவள் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். நான் எழுந்து எழுந்து விசாரணை ஜன்னலருகே போய் நிற்பேன்.

"செத்த ஒக்காரு தம்பி," என்பாள். "உறுதி எனக்கா ஒனக்கா?"