இயந்திரத்துக்குப் பூசாரியான பத்துமலை

மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முனியாண்டி கோயில் பூசாரியின் மகனாகப் பிறந்தவர் பத்துமலை. தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபின் ஈப்போவுக்கு வந்து ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். வரிசையாக நகர்ந்துவரும் பீங்கான் கைகளிலிருந்து ரப்பர் கையுறைகளை உரித்தெடுப்பது வேலை. பரம்பரைத் தகுதியை உத்தேசித்து, எந்த இயந்திரம் வந்திறங்கினாலும் பூசை போடும் பொறுப்பும் அவருக்கே வழங்கப்பட்டது. இதற்குச் சம்பளம் கிடையாது; தேங்காய் மூடி உண்டு.

1988இல் கையுறையைத் தானே உரிக்கும் இயந்திரம் ஜப்பானிலிருந்து வந்தது. இருபது பேர் வேலையை அது ஒண்ணுக்குப் போகாமல் செய்யும் என்று முதலாளியான சீனத் தவுக்கே பெருமைப்பட்டார்.

"பத்துமலை, பூசை பெரிசா போடு லா. மெசின் நிக்கக் கூடாது" என்றார் மலாயில்.

அன்று மாலை, கூட நின்று உரிக்கும் வீரம்மா அவரை வாசலில் மடக்கினாள்.

"அண்ணே, அந்தப் பேய் ஓடுச்சுன்னா நாம எல்லாரும் வீட்டுக்குத்தான். பூசைய போடாதீங்க."

"போடாட்டி என்னைய மொத ஆளா அனுப்பிருவான். நான் இருக்கிறது கம்பெனி வீடு, வீரம்மா."

"அப்ப போடுங்க. வேண்டுதல மாத்திப் போடுங்க. தவுக்கேக்குத் தமிழ் தெரியுமா என்ன?"

இவ்வளவு தெளிவான தீர்மானத்தை எந்தத் தொழிற்சங்கமும் நிறைவேற்றியிருக்காது.

மறுநாள் பத்துமலை இயந்திரத்துக்குப் பட்டை போட்டு, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோர் காதிலும் விழும்படி வேண்டினார். "முனியாண்டி, இந்தச் சனியன் ஒரு நாளும் ஓடக் கூடாது சாமி."

தவுக்கே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். பூசணிக்காய் உடைந்தது. பொத்தானை அழுத்தினார்கள்.

இயந்திரம் ஓடியது. தீபாவளி வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. பத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இத்தனை சக்தியுள்ள பூசாரியை யாராவது அனுப்புவார்களா? பத்துமலையை மட்டும் தவுக்கே வைத்துக்கொண்டார். காலையில் கற்பூரம் காட்டுவது, பிறகு தரை கூட்டுவது.

வேலை போனவர்கள் விஷயத்தை ஆராய்ந்து, அவர் திருட்டுத்தனமாக இன்னொரு பூசை போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினார்கள். கல்யாண வீடுகளில் அவர் உட்கார்ந்த பந்தியில் யாரும் உட்காரவில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று மனைவி மங்களத்திடம் கேட்டார்.

"விட்டுட்டு எங்க போலாம்?" என்றாள் அவள்.

மாசியில் ஒரு நாள் இயந்திரம் நின்றது. வேலிக்கு வெளியே வடை விற்றுக்கொண்டிருந்த வீரம்மா, சத்தம் அடங்கியதைக் கேட்டு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தவுக்கே மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் பத்துமலையைக் கூப்பிட்டார்.

கற்பூரத் தட்டோடு நின்றார் பத்துமலை. பக்கத்தில் தவுக்கே. திறந்திருந்த கதவுக்கு நேரே, பத்துமலையின் உதட்டையே பார்த்தபடி வீரம்மா. அவர் வாயைத் திறக்கவில்லை, மனசுக்குள் வேண்டிக்கொண்டார். மெக்கானிக் வந்து எதையோ முறுக்கினான். இயந்திரம் ஓடியது. தவுக்கே பத்துமலையின் முதுகில் தட்டினார்.

"என்னண்ணே, சாமிகிட்ட ரகசியமா?" என்று வீரம்மா வேலியிலிருந்து கேட்டாள்.

"தொண்ட சரியில்ல, வீரம்மா."

"காலையில வடை வாங்குறப்ப நல்லாத்தான இருந்துச்சு."

பத்துமலை துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கூட்டுவதற்குத் தரையில் ஒன்றும் இல்லை. இருந்தாலும், தவுக்கே பார்த்துக்கொண்டிருந்ததால், கூட்டினார்.